உடைந்த பக்கம் கனத்தது

அத்தியாயம் 7

நுனி உடைந்த பொருள் உடைந்த அளவுக்கு இலேசாகியிருக்க வேண்டும். ஆனால் பாரிசை அடுத்த இஸ்ஸி காவல் நிலையத்தில், இரண்டு கத்தி விளிம்புகளின் மேல் தாங்கி வைக்கப்பட்டிருந்த, விமானத்தை இழுத்துச் செல்லும் மர விசிறி இந்த நியாயத்துக்குக் கட்டுப்படவில்லை. நடுத்துளையில் செருகிய இரும்புக் கம்பியில் அது ஒரு முறை ஆடியது, தயங்கியது, பிறகு நுனி பெயர்ந்துபோன இறக்கையையே கீழே இறக்கிவிட்டு நின்றது.

லெயோனி அதை மேலே தூக்கிவிட்டாள். அது மறுபடியும் நிதானமாக இறங்கியது.

“முசியே, இது எங்க அத்தை மாதிரி. அவங்களும் பல்லு போனப்புறம்தான் எடை கூடுனாங்க.”

லமுரூ சிரிக்கவில்லை, ஆனால் அவர் மீசை சிரித்தது. அறுபது வயது. தபால் இலாகாவில், தொலைந்த பொட்டலங்களைத் தேடும் பிரிவில் இருபத்தைந்து வருஷம் இருந்தவர். எந்தப் பொருளும் தானாகத் தொலைவதில்லை, யாரோ ஒருவர் அக்கறையாக எங்கேயோ வைத்துவிடுகிறார் என்பது அந்த வேலை அவருக்குக் கற்றுக்கொடுத்த வேதாந்தம். ஓய்வு பெற்ற பிறகு துப்பறியும் தொழிலுக்கு அதையே முதலாகப் போட்டிருந்தார். லெயோனி விமான இறக்கைகளுக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தவள். ஊசியை விட நாக்கு கூர்மையாக இருந்ததால் அந்த வேலை நிலைக்கவில்லை, இப்போது லமுரூவுக்கு உதவியாள்.

“உள்ள ஈயம் வெச்சிருக்கான்,” என்றார் ஏட்டு ரபியோ.

“கிடைச்சுதா ஏட்டையா?” என்றார் லமுரூ.

“மூணு எடத்துல தொளை போட்டுப் பார்த்தேன். இல்ல.”

“அப்போ?”

“அதான் சொல்றேன். கைகாரப்பய. எவ்வளவு நல்லா ஒளிச்சிருக்கான் பாருங்க!”

நடந்தது இதுதான். அன்று காலை ஆறு மணிக்கு, ஈஸ்டர் என்னும் பாஸ்கு விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை, வெர்னுயே என்பவர் வடிவமைத்த புது மாதிரி விசிறியைப் பூட்டிக்கொண்டு கெர்வெல் என்ற இளைஞன் பறந்தான். வாள் போல வளைந்த இரண்டு இறக்கைகள், ஏழு அடுக்கு அக்ரூட் பலகை, வச்சிரப் பசை. இதுவரை யாரும் செய்யாத வளைவு. பத்து மீட்டர் உயரத்தில் விமானம் குளிர் ஜுரம் வந்ததுபோல் உதறியது. கெர்வெல் இன்ஜினை நிறுத்தி எப்படியோ தரையில் இறக்கினான். சக்கரம் முறிந்தது, விசிறியின் நுனி பெயர்ந்தது, அவன் தோள்பட்டை எலும்பும் முறிந்தது. எட்டு மணிக்கு, விசிறியைச் செய்த தச்சன் கஸ்பாரைக் கைது செய்தார்கள். நான்கு மணி வண்டியில் அவனைப் பாரிசுக்கு, விசாரணை நீதிபதியிடம் கொண்டுபோவார்கள். அங்கே போனவர்கள் ஆறு மாதத்துக்கு முன்னால் திரும்பியதாக யாரும் சொன்னதில்லை. திரும்பினாலும், ஆளைக் கொல்லப் பார்த்த தச்சனுக்கு எந்தப் பட்டறை கதவு திறக்கும்?

“வியாழக்கிழமை சாயங்காலம் எல்லார் முன்னாடியும் இதே மாதிரி கத்தி மேல வெச்சுப் பார்த்திருக்காங்க,” ஏட்டு விரல் விட்டு எண்ணினார். “தராசு முள்ளு மாதிரி நின்னுச்சு. அப்புறம் பட்டறையில வெச்சுப் பூட்டினாங்க. இன்னிக்கு விடியக்காலம் வரைக்கும் அந்த எடத்தை விட்டு நகரலன்னு முதலாளி வெர்னுயேவே சொல்லியிருக்காரு. சாவி ரெண்டு. ஒண்ணு அவர்கிட்ட, ஒண்ணு இவன்கிட்ட. அதுவும் போக வியாழக்கிழமை ரெண்டு பேருக்கும் சண்டை. வார்னிஷ் அடிக்கணும்னு இவன், வேணாம்னு அவர். ‘இப்படியே பறக்கவிட்டா நான் பொறுப்பில்ல’ன்னு கத்தியிருக்கான். இதுக்கு மேல என்ன வேணும்?”

லமுரூவின் பையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து கெர்வெல் இடது கையால் கிறுக்கி அனுப்பியது. ‘கஸ்பார் செய்திருக்க மாட்டான். போன குளிர்காலத்தில் என் கையுறை கிழிந்தபோது தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தவன்.’

ஏட்டு அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “கையுறையெல்லாம் சாட்சி ஆகாதுங்க.”

“எனக்கு ஆகும்,” என்றார் லமுரூ.

*

கம்பிக்குப் பின்னால் கஸ்பார் பெஞ்சில் குந்தியிருந்தான். நகக்கண்களில் பசை காய்ந்திருந்தது. தனக்கு என்ன ஆகும் என்று அவன் கேட்கவில்லை.

“விசிறியில தொளை போட்டாங்களாமே, நெசமா?”

“மூணு,” என்றாள் லெயோனி.

“எந்த அளவுத் துறப்பணத்தால போட்டாங்க?”

“ஏட்டையா முட்டை பொரிக்கிற கரண்டிக் காம்பு அளவு இருக்கும்.”

கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டான். லமுரூ கம்பியருகே வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

“கஸ்பார், இன்னிக்குக் காலையில மறுபடியும் கத்தி மேல வெச்சுப் பார்க்கலையா?”

“பார்க்கணும்னுதான் சொன்னேன். முதலாளி விடல. ‘வியாழக்கிழமை பார்த்தாச்சு, பத்திரிகைக்காரங்க வந்து நிக்கிறாங்க, காத்து எழும்புது’ன்னாரு. ஏட்டையாகிட்ட சொன்னா, மாட்டிக்கிட்டவன் எல்லாம் இப்படித்தான் பேசுவான்கிறாரு.”

“ஈயம் இல்லாம ஒரு பக்கம் கனக்குமா?”

“கனக்கும். நிக்க வெச்சா கனக்கும்.” அவன் எழுந்து வந்தான். கைகளை விரித்து, காற்றில் ஒரு விசிறியைப் படுக்க வைத்துக் காட்டினான். “விசிறிய எப்பவும் படுக்கப் போட்டுத்தான் வெக்கணும். நிக்க வெச்சா ஈரமெல்லாம் கால் பக்கமா சேர்ந்துடும். வார்னிஷ் இல்லாத மரம்னா கேக்கவே வேணாம், நுனி வழியா குழந்தை பால் குடிக்கிற மாதிரி குடிக்கும். கத்துக்குட்டிக்குக்கூட முதல் நாள் அதைத்தான் சொல்லிக் குடுப்போம். பறக்கிறவங்களும் எறங்குனதும் விசிறியப் படுக்கை வாட்டத்துலதான் நிறுத்துவாங்க. நிக்க வெக்கிற ஆளு எங்க தொழில்லயே கிடையாதுங்க.”

லமுரூ திரும்பி மேசைக்கு வந்தார். கனத்த இறக்கையின் நுனியிலிருந்து ஒரு சாண் உயரம் வரை மரத்தின் நிறம் ஒரு நூல் கறுத்திருந்தது. ஆற்றில் வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுச் சுவரில் நிற்கும் கோடு மாதிரி. ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் கோடு இல்லாத சுவர் இந்தப் பக்கத்தில் ஏது?

லெயோனி இதற்குள் தலைமுடி ஊசியால் நடுவிலிருந்த ஆணித் துளைகளைக் குடைந்துகொண்டிருந்தாள். ஒன்றிலிருந்து எண்ணெய் பூசின சின்ன இலை ஒன்று வந்தது. தடிப்பு, பளபளப்பு, சுண்டுவிரல் நக அளவு. அதன் மேல் மஞ்சளாய் ஒரு சொட்டு மெழுகு.

“காத்துல வந்து ஒட்டியிருக்கும்,” என்றார் ஏட்டு.

“காத்து மெழுகுவத்தியும் ஏத்திக்கிட்டு வந்துச்சா ஏட்டையா?” லெயோனி இலையை மோந்து பார்த்தாள். “முசியே, இது எங்கம்மா கட்டிலுக்கு மேல சிலுவையில செருகியிருக்கே, அந்த இலை. குருத்து ஞாயித்துக்கிழமை கோயில்ல மந்திரிச்சுக் குடுக்கிற பச்சைக் குச்சி. வெர்னுயே பட்டறையில இதா? கறி தொடாம மீன் தின்ன வேண்டிய புனித வெள்ளியன்னிக்கு அந்த ஆளு நாப்பது நாத்திகரைக் கூட்டி வெச்சு, சாமியார் வீட்டுக்கு மணம் போற மாதிரி பன்னிக்கறி பொரிச்சுத் தின்னாரு. அவரு பட்டறைப் பூனைகூட அன்னிக்கு மீன் தொடாதுன்னு பேச்சு.”

“அப்போ விசிறிதான் இலைகிட்ட போயிருக்கு,” என்றார் லமுரூ தொப்பியை எடுத்துக்கொண்டே.

*

ஆற்றங்கரைக் கோயிலில், சாமியாருக்குப் பூசை வேலைகளில் உதவும் கோயில்பிள்ளை திபூ பெரிய தொட்டி ஒன்றைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளே நுழைந்ததும் லமுரூ முழங்கால் போட்டார். லெயோனி அரை முழங்கால் போட்டாள். மீதி அரையைச் சுற்றிப் பார்க்க வைத்துக்கொண்டாள். பீடத்தின் வலப்பக்கம் ஒரு மாடம் காலியாக இருந்தது. அதன் அடியில் கல் இன்னும் ஈரம்.

“அங்க யாரு இருந்தாங்க தாத்தா?”

“புனித ரோக்கு. ஜனவரி வெள்ளத்துல போயிட்டாரு. சுண்ணாம்புச் சிலைதானே, கரைஞ்சிட்டாரு.”

“அவருக்கு அப்புறம்?”

திபூவின் கை நின்றது. “அவருக்கு அப்புறம் யாரும் வரல.”

“பாஸ்கு வாரத்துல ஒரு நாலு நாளைக்கு யாரோ வந்திருந்த மாதிரி இருக்கே,” என்றார் லமுரூ மெதுவாக. “ஆளு உயரம். ஒல்லி. அக்ரூட் மரம்.”

கிழவர் முதலில் பீடத்தைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார், பிறகு வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டார். இத்தனை நாள் இதை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்த மனுஷர். அவிழ்த்ததும் கொட்டியது.

“நான் என்ன செய்வேன் சொல்லுங்க! பெரிய வியாழன் சாயங்காலம் கம்பளியில சுத்திக் கொண்டுவந்து மந்திரிக்கணும்னாங்க. சாமியாரு, சனிக்கிழமை புதுத் தீர்த்தம் வரட்டும், அதுல மந்திரிக்கறேன், இங்கயே இருக்கட்டும்னுட்டாரு. வெக்கிறதுக்கு எடம் ஏது? ரோக்கு மாடம் காலி. சிலையெல்லாம் அப்ப ஊதாத் துணி போட்டு மூடியிருக்கோம், இதுக்கும் ஒண்ணைப் போட்டு மூடிட்டேன். அவ்வளவுதாங்க செஞ்சேன். வெள்ளிக்கிழமை காலையில வந்து பார்த்தா எதிர்ல மூணு மெழுகுவத்தி எரியுது!”

“ஐயையோ,” என்றாள் லெயோனி மகிழ்ச்சியாக.

“புதுப் புனிதர்னு நினைச்சிட்டாங்க கெழவிங்க எல்லாம். வண்ணாரத்துறை அம்மாளுக்குப் பல்வலி நின்னுபோச்சாம். சனிக்கிழமை மத்த சிலைக்கெல்லாம் துணி எடுத்தப்ப, இவரை ஏன் தொறக்கலன்னு சண்டைக்கு வந்துட்டாங்க. இன்னும் செதுக்கி முடியலம்மான்னு சொல்லிச் சமாளிச்சேன். நேத்து ராத்திரிதான் வந்து எடுத்துக்கிட்டுப் போனாங்க.”

“தீர்த்தத் தொட்டி எங்க இருந்துச்சு?” என்றார் லமுரூ.

“இதோ, இந்த மாடத்துக்குக் கீழதான். சனிக்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் ஊரே புட்டி புட்டியா மொண்டுக்கிட்டுப் போச்சு. வழிஞ்சு, சிந்தி, ஒரே வெள்ளம். சாமியாரு அந்தப் பச்சைக் குச்சியால தெளிச்சது கால்வாசின்னா, இந்தக் கெழவிங்க அதோட கால்ல தெளிச்சது முக்கால்வாசி.”

லெயோனி வாயைப் பொத்திக்கொண்டாள். ஏட்டு ரபியோ துளை போட்டுத் தேடிக்கொண்டிருந்த ஈயம், இந்தத் தொட்டியில் இருந்த புனிதத் தீர்த்தம்!

“கொண்டுவந்தது யாரு தாத்தா?”

“அது முடியாது தாயீ. பேரு சொல்ல மாட்டேன்னு சாமியாரு வாக்குக் குடுத்திருக்காரு. அவரு வாக்கு என் வாக்கு.”

“வேணாம். சொல்லாதீங்க,” என்றார் லமுரூ உடனே. லெயோனிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மணி இரண்டே கால்.

“நான் சொல்றேன்,” என்றாள். “கெர்வெல்தான். பிரெத்தான் ஊர்க்காரன், பக்திக்குப் பேர்போன ஊரு. சட்டைக்குள்ள நாலு புனிதர் சுரூபம் தொங்குது. பட்டறைக்காரங்க கேலி பண்ணுவாங்கன்னு ஒளிச்சு எடுத்துட்டு வந்திருக்கான். இப்ப வெக்கப்பட்டுக்கிட்டு நம்மளையே தேட விட்டிருக்கான்!”

திபூ தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தொட்டியைத் துடைத்தபடி, வாக்குக்கு வெளியே நிற்பது எதுவோ அதை மட்டும் எடுத்து வைத்தார்.

“நிக்க வைங்க, கம்பீரமா இருக்கட்டும்னாங்க. அப்புறம் போகும்போது திரும்பி வந்து சாமியார்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. ‘எனக்காக எதுவும் சொல்ல வேணாம், எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது. ஓட்டுற பையனுக்காக மட்டும் சொல்லுங்க’ன்னு.”

லெயோனி மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஓட்டுகிற பையனுக்காக என்றால், கேட்டவன் ஓட்டுகிறவன் இல்லை. நிற்க வை என்றவன் தச்சனும் இல்லை. பட்டறைக்குச் சாவியோ இரண்டுதான்.

“முசியே,” என்றாள், “அந்தப் பன்னிக்கறி விருந்து...”

“மறுநாள் வெள்ளிக்கிழமை,” என்றார் லமுரூ. “விருந்துக்கு முந்தின நாள் ஒரு மனுஷன் எங்க போனாருன்னு யாரும் கேக்கலையே.”

*

வெர்னுயே பட்டறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். சுவர் முழுக்க அவருடைய தோல்விகள் தொங்கின. அகப்பை போல ஒன்று, மீன் செதில் போல தகரம் வேய்ந்த ஒன்று, காற்று நழுவட்டும் என்று சல்லடையாய்த் துளையிட்ட ஒன்று. ஒவ்வொன்றையும் அவர் காகிதத்தில் நேராக நிற்க வைத்து வரைந்தார், செய்து முடித்ததும் அதேபோல நேராகவே மாட்டினார். கஸ்பார் தினமும் காலையில் வந்து, விமானத்தில் பூட்டப்போகிறவற்றை மட்டும் படுக்கப் போடுவான். மேசை மேல், வருகிற ஞாயிற்றுக்கிழமை பகுத்தறிவுச் சங்கத்தில் அவர் பேசவிருக்கும் கூட்டத்தின் சுவரொட்டிக் கட்டு. ‘விஞ்ஞானத்துக்கு எதற்குப் புனிதர்?’

லமுரூ அந்த இலையை எடுத்துச் சுவரொட்டிக் கட்டின் மேல் வைத்தார்.

வெர்னுயே அதைக் குனிந்து பார்த்தார். “அந்தச் சாமியார் வாக்குத் தவறிட்டாரா?”

“இல்ல. உங்க பேரை யாரும் சொல்லல. ஓட்டுற பையன்னு நீங்க சொன்னதை மட்டும் சொன்னாங்க.”

“நான் நம்பறவன் இல்ல,” என்றார் வெர்னுயே வேகமாக. “அதை முதல்ல எழுதிக்குங்க. எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனா போன வருஷம் அந்தா, அந்தத் தகர விசிறி...” அவர் சுவரைக் காட்டவில்லை, தலையை மட்டும் அந்தப் பக்கம் அசைத்தார். “அதுல ஒரு பையன் போயிட்டான். அவன் அம்மா என்னைப் பார்க்க வந்தாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டல. ‘சாப்பிட்டீங்களா’ன்னு கேட்டுட்டுப் போனாங்க. இந்தத் தடவை வளைவெல்லாம் கணக்கா வந்துச்சு, கத்தி மேல அசையாம நின்னுச்சு, ஆனா எனக்குத் தூக்கம் வரல. விஞ்ஞானத்துல செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு. வேற யாருகிட்ட போறது?”

“அதைச் சொல்லியிருந்தா கஸ்பார் கம்பிக்கு வெளிய இருப்பாரே!” என்றாள் லெயோனி.

“எப்படிம்மா சொல்றது? பூட்டியே இருந்துச்சுன்னு ஏட்டுகிட்ட வாய் தவறி வந்துருச்சு. ஒரு பொய்தானே, யாருக்கு என்ன ஆகப்போகுதுன்னு நினைச்சேன். அப்புறம் அவர் ரெண்டு சாவிக் கணக்கு போட ஆரம்பிச்சுட்டாரு. கஸ்பார் என்னமோ செஞ்சிருக்கான்னு நானே நம்பப் பார்த்தேன். ஏன்னா, அவன் செய்யலைன்னா...” அவர் குரல் தாழ்ந்தது. “நம்பிக்கை இல்லாம கேக்க வந்தேன்னு மேல இருக்கிறவர் பையனைத் தண்டிச்சிட்டாரோன்னு ஆயிடும்.”

இல்லாத கடவுளுக்கு இவ்வளவு பயந்த மனுஷரை லெயோனி பார்த்ததில்லை. கேலி ஒன்று நாக்கு நுனி வரை வந்து, இலையைத் தொட நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டதைப் பார்த்துத் திரும்பிப் போனது.

“தண்டனையெல்லாம் இல்லைங்க,” என்றார் லமுரூ. “நீங்க நிக்க வெச்சீங்க, தொட்டி வழிஞ்சுது, மரம் குடிச்சுது. அவ்வளவுதான். நீங்க கேட்டது பையன் உயிரை. பையன் ஆஸ்பத்திரியில சூப்பு உப்பில்லன்னு சண்டை போட்டுக்கிட்டு இருக்கான். விசிறிக்காக யாரும் எதுவும் கேக்கலையே.”

வெர்னுயே முகத்தை மூடிக்கொண்டார்.

லமுரூ தொப்பியை அணிந்தார். “நாலு மணிக்கு வண்டி. நாங்க நடந்துதான் போறோம்.”

வெளியே வந்ததும் லெயோனி வெடித்தாள். “இழுத்துக்கிட்டு வந்திருக்கலாம்ல! எலையும் இருக்கு, திபூவும் இருக்காரு!”

“இழுத்துட்டு வந்தா கஸ்பார் வெளிய வருவாரு. அவரா வந்தா ரெண்டு பேரும் வெளிய வருவாங்க.”

“வரலைன்னா?”

“மெதுவா நட,” என்றார் லமுரூ.

முந்நூறு அடி தூரம் அவள் வாழ்நாளில் முதல் தடவையாக வாய் திறக்காமல் நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டபோதும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் நின்றுவிடுவாரோ என்று பயம்.

*

ஏட்டு ரபியோ முழுதும் கேட்டார். பேனாவை மைக்கூட்டில் தோய்த்தார், எடுத்தார், மறுபடி தோய்த்தார். வாசலில் வண்டி நின்றது. பத்திரிகைக்காரன் ஒருவன் படியில் சாய்ந்து நின்றான்.

“தீர்த்தம்னு நான் எழுத முடியாதுங்க,” என்றார் கடைசியில். “இது குடியரசோட பதிவேடு, கோயில் சங்கதியெல்லாம் இதுல வரக் கூடாது. ‘ஈரம்’னு போட்டுடறேன். எங்க, எப்படின்னு எதுக்கு? கஸ்பாரை விட்டுடலாம். உங்களுக்கும் ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்கு.”

நல்ல மனசோடு திறந்துவிடப்பட்ட கதவு அது. வெர்னுயே அந்தக் கதவைப் பார்ப்பதை லெயோனி பார்த்தாள். ஒரு விநாடி அவர் கால்கூட அந்தப் பக்கம் நகர்ந்தது.

“ஈரம்னு மட்டும் போட்டா,” என்றார் வெர்னுயே, “ஈரத்துல விட்டது யாருன்னு நாளைக்கு ஊர் கேக்கும். தச்சன்தான்னு அதுவே பதிலும் சொல்லிக்கும். எழுதுங்க ஏட்டையா. கோயில்ல. நாலு நாளு. கொண்டுபோனது வெர்னுயே. பூட்டியிருந்துச்சுன்னு பொய் சொன்னதும் வெர்னுயே.”

“எதுக்குக் கொண்டுபோனீங்கன்னு...”

“பையன் உயிரோட எறங்கணும்னு.”

படியில் நின்ற பத்திரிகைக்காரன் நிமிர்ந்து பென்சிலைத் தேடினான். ஏட்டு எழுதி முடித்தார், மை காய ஊதினார், பிறகு போய்க் கம்பிக் கதவைத் திறந்தார்.

கஸ்பார் வெளியே வரவில்லை. வெர்னுயேதான் கம்பிக்கு உள்ளே போய் நின்றார். கஸ்பார் பெஞ்சில் ஓரமாக நகர்ந்தான்.

“உக்காருங்க முதலாளி.”

அவர் உட்கார்ந்தார். தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கஸ்பாரும் தன் கைகளைப் பார்த்தான். வெளியே நீதிபதி வண்டிக்காரன், ஆள் உண்டா இல்லையா என்று குரல் கொடுத்தான். இல்லை என்று ஏட்டு குரல் கொடுத்தார்.

“நாலு நாளு,” என்றான் கஸ்பார். “நிக்க வெச்சா?”

“ஆமா.”

“தண்ணித் தொட்டிப் பக்கத்துலயா?”

“ஆமாம்ப்பா.”

கஸ்பார் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

“மத்ததையெல்லாம் மன்னிச்சுட்டேன் முதலாளி.”